வாசிக்கப் பயந்த பையன்



'மனித மனங்களை நெருங்க வைப்பது பேச்சா? மௌனமா?' இதுதான் தலைப்பு. எனக்குக் கொடுத்திருக்கிற பக்கம் மௌனம். முப்பது வருஷமா வகுப்பறையில் பேசியே சம்பளம் வாங்குற ஆளைக் கூப்பிட்டு, மௌனத்துக்கு வாதாடுன்னு சொல்றாங்க. நியாயமாப் பார்த்தா, நான் இந்த ஒலிபெருக்கி முன்னால பத்து நிமிஷம் சும்மா நின்னுட்டுப் போய் உட்கார்ந்தாலே என் அணி ஜெயிச்சிருக்கணும். (சிரிப்பு) ஆனா தொலைக்காட்சிக்காரங்க விடமாட்டாங்க. ஒளிபரப்பு நின்னுபோச்சுன்னு நினைச்சு நீங்களும் வேற சேனலுக்குப் போயிடுவீங்க. அதனால பேசித்தான் ஆகணும்.

எனக்கு முன்னால் எதிரணியில் பேசிய அம்மையார் ஒரு பெரிய வெடியைக் கொளுத்திப் போட்டுட்டுப் போனாங்க. "நார்வே நாட்டு இப்சனைப் பாருங்க. 'பொம்மை வீடு' நாடகத்தைப் பாருங்க. கடைசிக் காட்சியில நோரா தன் கணவனை உட்கார வைத்துப் பேசினாளே, அந்தப் பேச்சுதானே உலகத்துப் பெண்களையெல்லாம் விழிக்க வைத்தது" என்று கேட்டாங்க. நல்ல கேள்வி. பலமான கைதட்டல் வேற.

அம்மா, நானும் நார்வேக்கே வர்றேன். அந்த வீட்டுக்குள்ளேயே வர்றேன். 1879-இல் வந்த நாடகம் அது. நோராவுக்குக் கல்யாணம் ஆகி எட்டு வருஷம். இந்த எட்டு வருஷமும் அந்தக் கணவன் ஹெல்மர் பேசாம இருந்தானா? வாய் ஓயாம பேசினான். வானம்பாடியே என்கிறான். அணில் குட்டியே என்கிறான். செல்லம் கொஞ்சினான், செலவுக் கணக்குக் கேட்டான், புத்திமதி சொன்னான். எட்டு வருஷப் பேச்சு! கடைசியில அவள் என்ன சொல்கிறாள்? இத்தனை வருஷத்தில் நாம் ரெண்டு பேரும் மனசார ஒரு விஷயத்தைப் பேசுவது இதுதான் முதல் தடவை என்கிறாள். அப்போ அதுவரைக்கும் அந்த வீட்டில ஓடினது என்ன? பேச்சு இருந்தது. நெருக்கம் இல்லை. (கைதட்டல்)

இன்னொன்று. அந்த நாடகம் எதில் முடிகிறது? வசனத்திலா? இல்லை. கீழே வாசல் கதவு சாத்தப்படுகிற சத்தத்தில் முடிகிறது. நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. நோரா பேசிய வசனத்தில் ஒரு வரி சொல்லுங்கன்னா யோசிப்போம். அந்தக் கதவுச் சத்தம் மட்டும் இன்னிக்கும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. ஆக, நீங்க கொண்டு வந்த சாட்சியே எனக்குப் பாதி சாட்சி சொல்லிட்டார். (சிரிப்பு, கைதட்டல்)

மீதிப் பாதிக்கு, அதே நார்வேயிலிருந்து இன்னொருத்தரை நான் அழைத்து வந்திருக்கிறேன். அவர் பெயர் யோன் ஃபோஸே. நாடக ஆசிரியர், நாவலாசிரியர், கவிஞர். 2023-ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். நார்வேக்கு அதற்கு முன்னால் மூன்று பேர் அந்தப் பரிசை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். 1903-இல் பியோர்ன்சன், 1920-இல் க்னூட் ஹாம்சுன், 1928-இல் சிக்ரிட் உன்செட் என்ற பெண் எழுத்தாளர். அதற்கப்புறம் 95 வருஷம் கழித்து இவர். எதிரணி நண்பர்கள் கொண்டாடுகிற இப்சனுக்கு அந்தப் பரிசு கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்லை.

ஃபோஸேயை எதற்காகத் தேர்ந்தெடுத்தோம் என்று பரிசுக் குழு சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். சொல்ல முடியாதவற்றுக்குக் குரல் கொடுத்தவர் என்றார்கள். நல்லாப் பேசுகிறார் என்பதற்கு இல்லை. சொல்லில் அடங்காததைப் பிடித்தார் என்பதற்கு.

யார் இந்த மனிதர்? 1959 செப்டம்பர் 29-ஆம் தேதி ஹௌகெசுன்ட் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது ஸ்ட்ராண்டெபார்ம் என்ற சிற்றூரில். நார்வேயின் மேற்குக் கரையில், மலைகளுக்கு நடுவே கடல் நீண்ட விரல் மாதிரி உள்ளே புகுந்து கிடக்கும். அப்படிப்பட்ட ஹார்டாங்கர் கடற்கழியின் ஓரத்தில் அந்த ஊர். முன்னால் தண்ணீர், பின்னால் மலை, நீளமான குளிர்காலம், கொஞ்சம் வீடுகள். அவருடைய கதைகளில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கடலும் படகும் மழையும் ஜன்னலோரத்தில் நிற்கிற மனிதரும் வந்து விடுகிறார்கள் என்றால், அது அவர் கண் திறந்து பார்த்த ஊர்.

அவருக்கு ஏழு வயது. பனிக்கட்டியில் கால் வழுக்கி விழுகிறான் பையன். கையில் இருந்த கண்ணாடிப் பாட்டில் உடைந்து மணிக்கட்டில் நாளம் அறுந்து போகிறது. ரத்தம் கொட்டுகிறது. காரில் போட்டு மருத்துவரிடம் கொண்டு ஓடுகிறார்கள். அந்தக் காரிலிருந்து பையன் திரும்பித் தன் வீட்டைப் பார்க்கிறான். இனிமேல் இந்த வீட்டைப் பார்க்கப் போவதில்லை என்று அவனுக்குத் தோன்றுகிறது. ஆனால் பயமே இல்லையாம். எல்லாம் ஒரு வெளிச்சத்தில் மினுங்கியது போலவும், எல்லாம் அமைதியாக இருந்தது போலவும் இருந்ததாம். என்னை எழுத்தாளன் ஆக்கிய அனுபவங்களில் அது முக்கியமானது என்று பிற்காலத்தில் பேட்டிகளில் சொன்னார்.

நடுவர் ஐயா, அந்த நிமிஷத்தை எந்தச் சொல்லால் சொல்வது? ஏழு வயசுப் பையன் சாவின் வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறான். 'எப்படிடா இருந்தது' என்று கேட்டால் அவன் என்ன சொல்லுவான்? 'ஒண்ணுமில்லம்மா' என்றுதான் சொல்லுவான். பெரிய விஷயம் எல்லாத்துக்கும் மனுஷன் சொல்ற பதில் அந்த 'ஒண்ணுமில்ல'தான். (கைதட்டல்)

அடுத்தது இன்னும் முக்கியம். பையன் கொஞ்சம் வளர்ந்து நடுநிலை வகுப்புப் படிக்கிறான். ஒருநாள் ஆசிரியர், பாடத்தைச் சத்தமாக வாசி என்கிறார். என்ன நடந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. திடீரென்று ஒரு பயம். உடம்பு முழுக்கப் பயம் மட்டும்தான் இருக்கிறது. எழுந்து வகுப்பை விட்டு ஓடி விடுகிறான். எல்லாரும் அவனையே பார்க்கிறார்கள். கழிப்பறைக்குப் போகணும் என்று ஏதோ ஒரு சாக்குச் சொல்கிறான். அன்று ஒருநாளோடு அது போகவில்லை. சத்தமாக வாசிக்கிற பயம் கூடவே வந்தது. பிறகு துணிந்து ஆசிரியர்களிடம் போய், எனக்குப் பயமாக இருக்கிறது, வாசிக்கச் சொல்லாதீர்கள் என்று கேட்கிறான். சில பேர் நம்பினார்கள். சில பேர், இவன் நம்மைக் கேலி செய்கிறான் என்று நினைத்தார்கள்.

இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 2023 டிசம்பர் 7-ஆம் தேதி, ஸ்டாக்ஹோம் நகரத்தில், நோபல் பரிசு உரையை அவர் தொடங்கியதே இந்தக் கதையில்தான். உலகமே கேட்டுக்கொண்டிருக்கும் மேடையில், ஒரு காலத்தில் நான் வாசிக்கப் பயந்து ஓடிய பையன் என்று ஒப்புக்கொண்டார். அந்தப் பயம் என் மொழியை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது, அதை நான் திரும்பப் பிடுங்க வேண்டியிருந்தது என்ற பொருளில் சொன்னார். எப்படிப் பிடுங்கினார்? தனியாக உட்கார்ந்து எழுதினார். சின்னக் கவிதை, சின்னக் கதை. எழுதும்போது பயம் போனது, அதற்கு நேர்மாறாக ஒரு பாதுகாப்பு கிடைத்தது என்கிறார். அந்த உரைக்கு அவர் வைத்த தலைப்பு என்ன தெரியுமா? 'ஒரு மௌன மொழி'. பேச்சுக்கே மௌனம் என்று பெயர் வைத்தவரை எந்த அணியில் உட்கார வைப்பீர்கள்? (பலத்த கைதட்டல்)

இங்கே நம்ம வீடுகளுக்கும் ஒரு சேதி இருக்கு. வகுப்புல வாய் திறக்காத பிள்ளையை, விருந்தாளி வந்தா கதவுக்குப் பின்னால ஒளியுற பிள்ளையை, 'இது தேறாது'ன்னு முடிவு கட்டிடாதீங்க. அந்தப் பிள்ளைக்குள்ள என்ன ஓடுதுன்னு நமக்குத் தெரியாது.

1983-இல் முதல் நாவல் வந்தது. 'சிவப்பு, கறுப்பு' என்று அதற்குப் பெயர். ஆரம்ப காலப் புத்தகங்களுக்கு நல்ல விமர்சனம் வரவில்லை. விமர்சகர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் முதல் நாவலோடு எழுதுவதை நிறுத்தியிருப்பேன் என்று அவரே சொல்கிறார். கேட்கவில்லை. பின்னாளில் பாராட்டும் பரிசும் குவிந்தபோது இன்னொரு முடிவெடுத்தார். திட்டும்போது காது கொடுக்கவில்லை, அப்படியானால் புகழும்போதும் காது கொடுக்கக் கூடாது. எவ்வளவு பெரிய பாடம் பாருங்கள். ஊர்ப்பேச்சு இரண்டையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே அமைதியாகத் தன் வேலையைப் பார்த்தவர்.

எந்த மொழியில் எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும். நார்வே சுமார் நானூறு வருஷம் டென்மார்க்கோடு சேர்ந்து கிடந்த நாடு. 1814-இல்தான் அந்தப் பிணைப்பு விட்டது. அதனால் எழுதுகிற மொழி டேனிஷ் மொழியை ஒட்டியே இருந்தது. இப்சன் எழுதியதும் அந்த வழியில்தான். குடியானவர் வீட்டில் பிறந்த ஈவர் ஓசன் என்ற அறிஞர் ஊர் ஊராகப் போனார். மீனவரும் உழவரும் பேசுகிற வட்டார வழக்குகளைச் சேகரித்தார். 1848-இல் இலக்கணம், 1850-இல் அகராதி. அதிலிருந்து பிறந்தது 'நீநோர்ஸ்க்' என்கிற புதிய நார்வே மொழி. 1885-இல் நாடாளுமன்றம் இரண்டுக்கும் சம அந்தஸ்து கொடுத்தது. ஆனாலும் இன்றைக்கு நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர்தான் அதில் எழுதுகிறார்கள். ஃபோஸே பள்ளியில் படித்தது அந்த மொழியில். கடைசி வரைக்கும் அதை விடவில்லை. விற்பனைக்காக, பெயருக்காக, பெரிய மொழிக்கு மாறவில்லை. சின்ன மொழியில், சின்ன ஊரைப் பற்றி, சின்னச் சின்ன வார்த்தைகளில் எழுதினார். அது சுமார் ஐம்பது மொழிகளுக்குப் போனது. உரக்கப் பேசினால்தான் உலகத்துக்குக் கேட்கும் என்று யார் சொன்னது?

நாடகத்துக்கு வருவோம். 1990-களின் தொடக்கம். எழுத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிற நேரம். கையில் பணம் தட்டுப்பாடு. ஒரு நாடகத்தின் தொடக்கத்தை மட்டும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். உட்கார்ந்தவர் முழு நாடகத்தையும் எழுதிவிட்டு எழுந்தார். 'யாரோ வரப்போகிறார்கள்' என்பது அதன் பெயர். 1996-இல் ஆஸ்லோவில் மேடை ஏறியது.

கதை என்ன? ஓர் ஆண், ஒரு பெண். ஊர், உறவு, சத்தம் எதுவும் வேண்டாம், நாம் இரண்டு பேர் மட்டும் தனியாக இருப்போம் என்று கடலோரத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். வந்து நின்றவுடனே அவளுக்கு ஒரு கலக்கம்: யாரோ வரப்போகிறார்கள். இல்லை, யாரும் வரமாட்டார்கள் என்கிறான் அவன். இதையே திருப்பித் திருப்பிப் பேசுகிறார்கள். பேசப் பேசப் பயம் குறைகிறதா? கூடுகிறது. கடைசியில் ஒருத்தன் வருகிறான். வீட்டை விற்றவனே வந்து நிற்கிறான். இப்போது புருஷன் மனசில் பொறாமை முளைக்கிறது. வந்தவன் ஒன்றும் செய்யவில்லை. வெறும் வார்த்தையாலேயே இரண்டு பேரும் தங்களுக்கு நடுவே சுவர் கட்டிக்கொள்கிறார்கள்.

'பெயர்' என்று இன்னொரு நாடகம். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருத்தி, தன் இளைஞனோடு அம்மா அப்பா வீட்டுக்கு வருகிறாள். எல்லாரும் ஒரே கூரைக்கு அடியில். வாய் அசைகிறது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டியதை யாரும் சொல்லவில்லை. இந்த நாடகத்துக்கு 1996-இல் நார்வேயின் இப்சன் பரிசு கிடைத்தது. 2010-இல் சர்வதேச இப்சன் விருதும் கிடைத்தது. அம்மா கொண்டு வந்த இப்சன் பெயரிலேயே எங்க ஆளுக்கு ரெண்டு பரிசு! (சிரிப்பு, கைதட்டல்)

ஃபோஸேயின் நாடகங்களில் அதிகமாக வருகிற சொல் எது தெரியுமா? காதலா, கடவுளா, கடலா? 'இடைவெளி' என்ற சொல். சிறிய இடைவெளி. நீண்ட இடைவெளி. வெறும் இடைவெளி. இதையும் அவரே நோபல் உரையில் சொன்னார். நடிகர் பேசாமல் நிற்கிற அந்த நேரத்தில்தான் நாடகம் நடக்கிறது. நமக்கு இது புதுசா? வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். ஒத்துக்கொள்கிறேன். சொல்லாமலே தெரிந்துகொள்கிற குறிப்பறிதலுக்கு எத்தனை? இரண்டு. பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. (கைதட்டல்)

நாவலில் ஒரு காட்சி சொல்கிறேன். 2000-இல் வந்த 'காலையும் மாலையும்'. சின்னப் புத்தகம். முதல் பகுதியில் யொஹானஸ் என்ற குழந்தை பிறக்கிறது. அடுத்த பகுதியில் அவர் கிழவர், மீன்பிடித்து வாழ்ந்தவர். ஒருநாள் காலையில் எழுந்திருக்கிறார். உடம்பு லேசாக இருக்கிறது, வலி இல்லை. வெளியே போகிறார். என்றோ இறந்து போன நண்பன் எதிரே வருகிறான். வழியில் அவருடைய மகள் சிக்னே வருகிறாள். அப்பா கூப்பிடுகிறார், அவளுக்குக் கேட்கவில்லை. அவருக்குள்ளேயே புகுந்து நடந்து போய்விடுகிறாள். அப்போதுதான் நமக்குப் புரிகிறது, இவர் அன்று காலையிலேயே போய்விட்டார். மகள் அப்பாவைப் பார்க்கத்தான் ஓடுகிறாள். ஒரு நாளில் கடைசி முறை கூப்பிட்டும் பிள்ளைக்குக் கேட்காத ஒரு குரல் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. அழுகை வசனம் ஒன்றுகூட இல்லாமல் அதை எழுதினார். வாசிக்கிறவர்களுக்குத் தொண்டை அடைக்கிறது.

கடைசியாக, எதிரணித் தலைவர் வைத்த வாதத்துக்கு வருகிறேன். இதைச் சிரித்துக்கொண்டு தாண்ட முடியாது. "மனசு விட்டுப் பேசாததால்தான் எத்தனையோ உயிர் போகிறது. மௌனம் ஆளைக் கொல்லும்" என்றார். ஐயா, அந்தக் கவலை உண்மையான கவலை. ஃபோஸேக்கும் அது இருந்தது. அவருடைய கதைகளில் தற்கொலைகள் நிறைய உண்டு. அவரும் குடியால் உடல் கெட்டு, பிறகு அதை அடியோடு விட்டு மீண்டவர்.

அவருடைய பெரிய நாவல் 'செப்டாலஜி'. ஏழு பகுதி, மூன்று தொகுதி, 2019 முதல் 2021 வரை வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஓடுகிறது, நடுவில் முற்றுப்புள்ளியே கிடையாது. ஆஸ்லே என்று ஓர் ஓவியர். மனைவி இறந்து, கடற்கழி ஓரத்தில் தனியாக வாழ்கிறார். நகரத்தில் அதே பெயரில் இன்னோர் ஓவியர். குடித்துக் குடித்து ஒடுங்கிப் போனவர், கடலுக்குள் நடந்து போய்விடலாமா என்று நினைக்கிறவர். முதல் ஆஸ்லே ஒரு மாலை அவர் வீட்டைக் கடந்து காரை ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். வந்த பிறகு மனசு கேட்கவில்லை. ஃபோன் வரவில்லை, யாரும் கூப்பிடவில்லை. கொட்டுகிற பனியில் திரும்பவும் காரை எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போகிறார். பனி மூடிய தெருவில் நண்பர் விழுந்து கிடக்கிறார். தூக்கி எடுத்துக் கொண்டுபோய் மருத்துவ உதவியில் சேர்க்கிறார்.

ஐயா, உயிர் போகிற நேரத்தில் எத்தனை பேரால் 'என்னைக் காப்பாத்து' என்று வாய் திறந்து சொல்ல முடியும்? நீங்க சொல்றது சரி, அவங்க பேசணும். ஆனா அவங்க பேசணும்னா, நாம கொஞ்சம் பேச்சை நிறுத்தணும். நாங்க வாதாடுற மௌனம், வாயைப் பொத்துற மௌனம் இல்ல. காதைத் திறக்குற மௌனம். (பலத்த கைதட்டல்)

இதற்கு ஆதாரம் அந்த நோபல் உரையிலேயே இருக்கிறது. என் எழுத்து தற்கொலையை நியாயப்படுத்திவிடுமோ என்று பயந்திருக்கிறேன் என்றார். அதனால், தன்னை எல்லாவற்றிலும் அதிகமாக நெகிழ வைத்தது எது என்று சொன்னார். உங்கள் எழுத்து என் உயிரைக் காப்பாற்றியது என்று சில வாசகர்கள் அவருக்கு எழுதினார்கள். அந்தப் புத்தகங்களில் அறிவுரை கிடையாது. தைரியமாக இரு என்ற முழக்கம் கிடையாது. தன் வலி இன்னொருத்தருக்கும் தெரிந்திருக்கிறது என்ற துணை மட்டும் அங்கே இருந்தது. நூறு புத்திமதி செய்யாததை அந்தத் துணை செய்தது.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். என் அணிக்காக நான் தீர்ப்புக் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிற குடும்பங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்னிக்கு ராத்திரி சாப்பிட உட்காரும்போது, கொஞ்ச நாளா சரியாப் பேசாம இருக்கிற ஒருத்தர் உங்க வீட்டிலேயே இருக்கலாம். பிள்ளையோ, மனைவியோ, கணவரோ, வயசான அப்பாவோ. 'ஏன் பேச மாட்டேங்கிற'ன்னு அதட்டாதீங்க. தொலைக்காட்சியை நிறுத்திட்டு, நான் பேசுறதையும் சேர்த்து நிறுத்திட்டு, பக்கத்துல போய்ச் சும்மா உட்காருங்க. அவங்க பேச ஆரம்பிக்கிற வரைக்கும் எழுந்திருக்காதீங்க.

 (நீண்ட கைதட்டல்)